முல்லைமோடியும் அச்சேறிய ஏடும்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார்க் கூத்துப் பிரதிகள் சிலவற்றைப் பதிப்பித்தமை, கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளிய கல்வியுலகுக்குத் தக்க விடையாயிற்று. ஆயினும் அவ்வழிவந்த பதிப்பு மரபு ஏட்டையே கூத்தாகக் கொண்டது என்பதை நாம் மறைத்தல் தகாது.

வன்னியின் கோவலன் கூத்தை நோக்குவோம். வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த அக்கூத்தின் தனித்துவம், முல்லைமோடி எனப்படும் அதன் ஆடல்பாடல் முறையிலேயே உள்ளது. அச்சிட்ட பாட்டில் மத்தளம் ஒலிப்பதில்லை. கமக்காரரும் கடற்றொழிலாளரும் தலைமுறைகளாய்ப் பயின்ற கலையை நூலாக்குகையில், பதிப்பாசிரியர் பெயர் அட்டையிலும் அண்ணாவியார் பெயர் நன்றியுரையிலும் அமைவதே பெருவழக்கு. உழைப்பும் உடைமையும் இங்கும் பிரிந்தே நிற்கின்றன!

2009இல் முடிந்த போரில் வன்னி மக்கள் ஊர்ஊராய்ப் பெயர்க்கப்பட்டனர். ஏடிழந்தோருக்கு எஞ்சியது அண்ணாவிமாரின் நினைவே. ஆகவே இனிவரும் பதிப்புகள் தாளக்கட்டையும் ஆட்டக்கோலங்களையும் ஒலி, ஒளிப்பதிவுகளோடு தருதல் வேண்டும். அண்ணாவியாரை ஆசிரியராகவே குறித்தல் வேண்டும்.