தேசிய ஒற்றுமைத் திட்டம் (ஆப்கானிஸ்தான்)

தேசிய ஒற்றுமைத் திட்டம் என்பது ஆப்கானிஸ்தானின் கிராமங்களுக்கு நேரடியாக நிதி அளித்து, அதைச் செலவிடும் சபையையும் ஊராரே தேர்ந்தெடுக்கச் செய்த அரசுத் திட்டம். 2003இல் தொடங்கியது.

இதன் முன்மாதிரி இந்தோனேசியாவில் இருந்தது. சுகார்த்தோ ஆட்சி கவிழ்ந்த 1998இல் அங்கே உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கெச்சமாத்தான் வளர்ச்சித் திட்டம், பணத்தைத் துணை வட்டங்களுக்கே அனுப்பியது. உலக வங்கியில் பணியாற்றிவிட்டு 2002இல் ஆப்கான் நிதியமைச்சரான அஷ்ரப் கனி, அதைத் தம் நாட்டுக்கேற்ப மாற்றினார். வெளிநாட்டு அமைப்புகள் தனித்தனியே கிணறு வெட்டிக்கொண்டிருந்தால் அரசு என்ற ஒன்று மக்கள் கண்ணில் படவே படாது என்பது அவருடைய கவலை. எனவே பொறுப்பு ஊரக மறுவாழ்வு, வளர்ச்சி அமைச்சகத்திடம் போனது. ஊர்களில் களப்பணி செய்தவை தொண்டு நிறுவனங்கள். நிதியின் பெரும்பகுதி உலக வங்கியிடமிருந்தும், அது நிர்வகித்த மறுகட்டமைப்பு அறக்கட்டளை நிதியிலிருந்தும் வந்தது.

ஊர் முதலில் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு வளர்ச்சி சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கும் வாக்கும் இடமும் இருந்தன. வழக்கம் இடம் கொடாத ஊர்களில் அவர்கள் தனியே கூடினர். குடும்பத்துக்கு 200 டாலர், ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர் என்பது மானியக் கணக்காக இருந்தது. உழைப்பாகவோ பணமாகவோ பத்தில் ஒரு பங்கை ஊரார் போட வேண்டியிருந்தது. குடிநீர்க் கிணறு, பாசன வாய்க்கால், சாலை, சிறு நீர்மின் நிலையம் ஆகியவையே பெரும்பாலும் கேட்கப்பட்டன. திட்டம் படிப்படியாக 34 மாகாணங்களுக்கும் பரவியது. 30,000க்கும் மேற்பட்ட சபைகள் உருவாயின.

பத்து மாவட்டங்களில் 500 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டத்தை முன்னதாகக் கொடுத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டன. ஊர்ப் பொதுவாழ்வில் பெண்களின் இடம் விரிந்தது. அரசின் மீது வளர்ந்த நல்லெண்ணமோ பணிகள் முடிந்தபின் பெருமளவு கரைந்தது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கிழக்கு மாவட்டங்களில் பாதுகாப்பு மேம்படவில்லை.

இந்த ஆய்வில் மிக முக்கியமானது 2011இல் நடந்த கோதுமை விநியோகச் சோதனை. பொறுப்பு சபையிடம் தெளிவாக ஒப்படைக்கப்பட்ட ஊர்களில் கோதுமை ஏழைகளுக்குச் சரியாகச் சேர்ந்தது. சபை இருந்தும் பொறுப்பு இன்னாருடையது என்று சொல்லப்படாத ஊர்களில், சபையே இல்லாத ஊர்களைவிடக் கையாடல் கூடியது. பழைய பெரியவர்களும் புதிய சபையும் அருகருகே நிற்க, யாரைக் கேள்வி கேட்பது என்று மக்களுக்குத் தெரியாமல் போனது. திட்டத்தின் அடிப்படைக் குறையே இதுதான்: சபைகளைப் பிறப்பித்த அரசு, மானியம் தீர்ந்த பிறகு அவற்றுக்கு என்ன அதிகாரம் என்பதை உறுதியாக வரையறுக்கவில்லை.

2016இல் இதன் வழித்தோன்றலாகக் குடிமக்கள் சாசனத் திட்டம் தொடங்கியது. அப்போது கனி அதிபர். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைக் கைப்பற்றியதும் உலக வங்கி தன் நிதியை நிறுத்தியது. சாசனத் திட்டப் பணிகள் பாதியில் நின்றன.