சட்டைப் பையில் ஒரு வில்லுக்கத்தி, கையில் ஒரு ரோச் லைற்: எதைப் பார்த்து வாங்குவது?

கடந்த ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மாமா, சொக்லேற் பெட்டிகளுக்கு அடியிலிருந்து இரண்டு மடக்குக் கத்திகளையும் இரண்டு ரோச் லைற்றுகளையும் எடுத்து மேசையில் வைத்தார். அம்மா ஒரு ரோச்சை எடுத்து அழுத்திப் பார்த்தார். வெளிச்சம் கூரைத் தகரத்தில் பளீரென்று அடித்தது. அடுத்த கணமே கையை நிலத்துக்குத் திருப்பிவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வானத்தில் வண்டுச் சத்தம் கேட்ட காலத்தில் பழகிய கை அது.

அப்பா கத்திகளைத் தொடவேயில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாலு பொருட்களையும், எங்கள் சந்தியிலுள்ள இரும்புக்கடையில் நானே வாங்கிய ஒரு மலிவு ரோச்சையும் நாலு மாதம் வீட்டிலும் வெளியிலும் பாவித்துப் பார்த்தேன். நான் பொறியியலாளர் அல்ல. செய்தி சேகரிக்க இரவில் ஒழுங்கைகளுக்குள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவள். 2022 பங்குனி கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, கொழும்பு நண்பர்கள் மெழுகுதிரி தேடி ஓடினார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு பதற்றம் இருக்கவில்லை. 1990க்குப் பிறகு வடக்கில் மின்சாரம் இல்லாமலேயே ஒரு தலைமுறை படித்து முடித்திருக்கிறது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச எண்ணெயில் இரவு முழுக்க எரியும் விளக்கைச் செய்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஆகவே வெளிச்சத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது பற்றி எங்கள் வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இன்றைய கடைகளில் உள்ள பொருட்களின் பெட்டியில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது லூமன் கணக்கு. ரோச்சிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த வெளிச்சம் அது. எவ்வளவு தூரம் தெரியும் என்பதை அது சொல்லாது. தூரத்தைச் சொல்வது கண்டெலா என்ற இன்னொரு அளவு. ஒரே 300 லூமனை ஒடுக்கமாகக் குவித்தால் வயல் கடைசி வரம்பு தெரியும். பரப்பினால் முற்றம் முழுக்கத் தெரியும். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கண்டெலா நாலு மடங்காக வேண்டும்.

நம்பக்கூடிய தயாரிப்பாளர்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறையைக் குறிப்பிடுவார்கள். இதில் இரண்டு விடயங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. முதலாவது, அவர்கள் சொல்லும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம். அதாவது கிட்டத்தட்ட முழுநிலவு வெளிச்சம். அந்தத் தூரத்தில் ஒரு மாடு நிற்பது தெரியும், யாருடைய மாடு என்று தெரியாது. பெட்டியில் 200 மீற்றர் என்றிருந்தால் பாதியையே நம்புவேன். இரண்டாவது, எரியும் நேரம் என்பது தொடக்க வெளிச்சத்தின் 10 வீதத்துக்கு இறங்கும் வரையிலான நேரம். 1000 லூமன், 3 மணித்தியாலம் என்று இருந்தால் மூன்று மணித்தியாலமும் 1000 லூமன் எரியும் என்று பொருளில்லை. சிறிய ரோச் எதுவும் சூட்டைத் தாங்க முடியாமல் சில நிமிடங்களிலேயே தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல.

இரும்புக்கடையில் வாங்கிய ரோச்சின் பெட்டியில் 90,000 லூமன் என்று இருந்தது. ஒரு காரின் முன்விளக்கே சில ஆயிரம் லூமன்தான். உள்ளே இருந்த 18650 பற்றரியில் 9900 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தது. 18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட லிதியம் பற்றரி. அந்த அளவு குழாய்க்குள் நல்ல கம்பனிகள் 3500 அளவு வரை அடைக்கின்றன. ஆகக் கூடியது 4000 அளவில் நிற்கிறது. 9900 என்று எழுதியிருந்தால் அந்த எண் மட்டுமல்ல, அதைச் செய்தவரின் மற்றச் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் ரோச் இரண்டாவது மாதத்தில் சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வெளியே முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். கிடுகுக் கொட்டிலுக்குள் படுக்கும்போது இப்படியான ஒன்றைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டிருந்தால் என்னவாகும் என்று யோசிக்க விரும்பவில்லை. எந்த லிதியம் பற்றரியையும் ஆள் விழித்திருக்கும் நேரத்தில், ஓலை, துணி இல்லாத இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். கழற்றிய பற்றரியைச் சில்லறைக் காசும் திறப்பும் கிடக்கும் பைக்குள் போடாதீர்கள். இரு முனையும் உலோகத்தில் தொடுத்துக்கொண்டால் தீப்பிடிக்கும்.

மாமா கொண்டுவந்த இரண்டில் பெரியது வேர்க்கொஸ் எஃப்சி11. 18650 பற்றரி, சாதாரணக் கைபேசி வயராலேயே (சி வகை) சார்ஜ் ஏறும், அடியில் காந்தம். 1300 லூமன் என்று சொல்கிறார்கள். நான் அந்த உச்சத்தைப் பாவித்தது இரண்டு தடவை, யானை வந்ததாகச் சத்தம் கேட்ட இரவுகளில். மற்ற நாட்களில் நடு அளவே போதும். காந்தத்தை இப்படி விரும்புவேன் என்று நினைக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் மெஷின் இடையில் நின்றால் அதன் இரும்பிலேயே ஒட்டவைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம்.

சின்னது ஓலைட் ஐ3ரி ஈஓஎஸ். ஒரேயொரு ட்ரிபிள் ஏ பற்றரி. 5 லூமன், 180 லூமன் என இரண்டே நிலை. சட்டைப் பையில் பேனை மாதிரிக் கொழுவலாம். தயக்கமின்றிச் சொல்வேன், வயதான பெற்றோருக்கு வாங்குவதென்றால் இந்த மாதிரியான ஒன்றைத்தான் வாங்குங்கள். அதன் பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சார்ஜ் செய்ய மறந்துபோகும் கவலை இல்லை. பற்றரி கிடைக்காத காலத்தைக் கண்டவர்களுக்கு, கடையில் கிடைக்கும் பற்றரி என்பது ஒரு சின்ன விடயமல்ல. ஆனால் மலிவான பற்றரியை உள்ளேயே விட்டுவைத்தால் ஒழுகி, குழாயை அரித்துவிடும். மாதக்கணக்கில் பாவிக்காவிட்டால் கழற்றி வையுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும். ஆனால் காய்ந்த இலைக்குள் கிடக்கும் புடையனைச் சருகிலிருந்து பிரித்துக் காட்டாது. கொஞ்சம் மஞ்சள் கலந்த, சிஆர்ஐ 90க்கு மேற்பட்ட விளக்கு நிறங்களை உள்ளபடி காட்டும். கண்ணாடிப் புடையன் இரவில் நடமாடும் பாம்பு. எங்கள் பக்கம் மாலை மங்கிய பிறகு வரம்பில் வெறுங்காலோடு நடப்பவர்களைத்தான் அது கூடுதலாகக் கடிக்கிறது. ரோச் வாங்கும் காசில் கொஞ்சத்தை முழங்கால் வரையான சப்பாத்துக்கும் ஒதுக்கலாம்.

இந்த இடத்தில் கத்தியையும் பேசிவிட வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவது உயிரைக் காப்பாற்றாது. புடையன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுப்பது; கீறினால் இரத்தம் நிற்காமல் போகும். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அசையாமல் வைத்து, 1990 அம்புலன்சை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதுதான் வழி. அதே மாதிரி, நிலத்தில் துருத்தி நிற்கும் தெரியாத இரும்பைக் கத்தி நுனியால் கிண்டாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கத்திகளில் சின்னது விக்டோரினொக்ஸ் கிளாசிக் எஸ்டி. மடித்தால் 58 மில்லிமீற்றர், திறப்புக் கோர்வையில் தொங்கும். ஒரு சின்ன அலகு, அரம், கத்தரிக்கோல், முள் எடுக்கும் சாவணம், பல்லுக்குச்சி. அலகை நான் பாவித்தது குறைவு. கத்தரிக்கோலும் சாவணமும் ஒவ்வொரு கிழமையும் வேலை செய்தன. உடைமுள் ஏறாத கால் எங்கள் ஊரில் இல்லை. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் தொடங்கிய கம்பனி இது. 2024இல் அதன் தலைவர் கார்ல் எல்செனர், அலகே இல்லாத பைக்கருவிகளை உருவாக்கி வருவதாகச் சொன்னார். கத்தி வைத்திருப்பதை நாடுகள் வரவரக் கட்டுப்படுத்துவதுதான் காரணம். கத்தியால் பேர் பெற்ற கம்பனியே கத்தியைக் கழற்றுகிறது.

மற்றது பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் இலக்கம். 1890இல் சவோய் மலைப்பகுதியில் தொடங்கியது. பீச் மரக் கைபிடி, 8.5 சென்ரிமீற்றர் அலகு. 1955இலிருந்து கழுத்தில் ஒரு சுழலும் வளையம். அதைத் திருகினால் அலகு தானாக மடியாது, விரல் தப்பும். நம்மவர்களின் பழைய வில்லுக்கத்திக்கு மிகக் கிட்டவான கத்தி இதுதான். பனங்கிழங்கு உரிக்க, உரப்பை கிழிக்க, கறுத்தக்கொழும்பான் வெட்ட, கயிறு அறுக்க எல்லாவற்றுக்கும் சரி. இரண்டு வகை உண்டு. கறுக்கும் இரும்பு அலகு சீக்கிரம் கூராகும், சாணைக்கல்லில் நாலு இழுவை போதும். ஆனால் புளியோ மாங்காய்ப் பாலோ பட்டால் கறைபிடிக்கும், கடற்கரைக் காற்றில் துருவேறும். கரையோர ஊர்க்காரர் துருப்பிடிக்காத அலகு உள்ளதை வாங்குவது நல்லது. எந்த அலகாக இருந்தாலும் மரக் கைபிடி மாரியில் ஊறி இறுகும். தண்ணீரில் போட்டுக் கழுவாமல் துடைத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு: கத்தி விமானத்தில் கீழே போகும் பொதியில்தான் வரவேண்டும். கழற்றிய லிதியம் பற்றரி அதற்கு மாறாகக் கைப்பொதியில் வரவேண்டும். இந்த இரண்டையும் மாற்றி வைத்து விமான நிலையத்தில் இழந்தவர்கள் ஏராளம். லண்டன் உறவுகள் கவனிக்க, பிரித்தானியாவில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வெளியில் கொண்டுதிரியலாம். ஒப்பினெல் 8க்கு வளையப் பூட்டு இருக்கிறது, அலகும் நீளம். வாங்கினால் வீட்டிலேயே வையுங்கள்.

இங்கே சட்டப் புத்தகத்தை விட அனுபவம்தான் எங்களுக்கு வழிகாட்டி. 2011இல் வன்னியில் ஒரு சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டியபோது நகவெட்டியோடு இருந்த விரல் நீள அலகுக்காக ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். பல்கலைக்கழக அடையாள அட்டை கையில் இருந்தது. அதன்பிறகு பையில் அலகு வைப்பதில்லை. இளைஞர்களுக்கும் அதையே சொல்வேன். தோட்டத்துக்குக் கத்தி வேண்டும், ரவுணுக்கு வேண்டாம்.

இனி அப்பா. அவரிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. கொம்புப் பிடி, பாவித்துப் பாவித்து ஒடுங்கிப்போன அலகு. புகையிலை வெட்டியதும் எங்களுக்குப் பென்சில் சீவியதும் அதனால்தான். 2009 வைகாசியில் வட்டுவாகலில் சனத்தோடு சனமாகத் தண்ணீர்க் கரைக்கு வந்தபோது, முன்னுக்குச் சோதனை நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்பா மடியிலிருந்து கத்தியை எடுத்தார். ஒரு தரம் விரித்துப் பார்த்தார், மடித்தார், தண்ணீருக்குள் விட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. பதுங்குகுழிக்கு வெட்டிய தடிகளைச் சீவியதும் அதே கத்தி என்பது அன்றைக்கு எனக்கு நினைவு வரவில்லை.

இந்த நாலு மாதத்தில் மூன்றாவது மாதம் ஒப்பினெல்லைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுப் பின்வளவுக்குப் போனேன். தென்னோலை குவிந்து கிடந்தது. அப்பா பலகைக்கட்டையில் இருந்து ஈர்க்கு வார்ந்துகொண்டிருந்தார்.

"வளையம் கொஞ்சம் இறுக்கம் பிள்ளை. தேங்காயெண்ணெய் விட்டனான். இப்ப பரவாயில்லை" என்றார்.

இப்போது அது அவருடைய சாரமடியில்தான் இருக்கிறது. வவுனியாவுக்குக் கிளினிக்குக்குப் போகும் நாட்களில் மட்டும், பஸ் ஏறமுன் அதை எடுத்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறார்.