குறுக்கெழுத்துப் புதிர்களில் தோட்டத் தாவரங்கள்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர்களில் தோட்டத் தாவரங்களின் பெயர்கள் அடிக்கடி விடைகளாக இடம்பெறுகின்றன. எழுத்து எண்ணிக்கை, உயிரெழுத்துகளின் மிகுதி, பல பொருள் தரும் தன்மை ஆகியவை இதற்குக் காரணங்களாகும்.

விடைச் சொற்கள்

ஹனிசக்கிள் கொடியின் பெயர் ஆங்கிலத்தில் 11 எழுத்துகளைக் கொண்டது. இதன் மற்றொரு பெயரான வுட்பைன், பேரினப் பெயரான லொனிசெரா ஆகிய இரண்டும் 8 எழுத்துகளைக் கொண்டவை. எனவே கட்டங்களை எண்ணுவது மட்டும் போதாது. குறுக்கே வரும் சொற்களின் எழுத்துகளே சரியான பெயரை உறுதி செய்யும். கற்றாழையைக் குறிக்கும் அலோ என்னும் சொல்லின் 4 எழுத்துகளில் 3 உயிரெழுத்துகள் ஆதலால் அது அமெரிக்கப் புதிர்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

மறைபொருள் குறிப்புகள்

பிரித்தானிய மறைபொருள் புதிர்களில், பூவைக் குறிக்கும் ஃபிளவர் என்னும் சொல்லைப் 'பாய்வது' எனவும் கொள்ளலாம். அப்போது விடை பூவன்று, ஓர் ஆற்றின் பெயராகும். ஆஸ்டர் என்னும் பூவின் ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றினால் கண்ணீர் எனப் பொருள்படும் டியர்ஸ் கிடைக்கும்.

அரௌகேரியா

கார்டியன் நாளிதழின் புதிர் ஆசிரியர் ஜான் கிரகாம் (1921–2013), 'குரங்குப் புதிர் மரம்' எனப்படும் மரத்தின் பேரினப் பெயரான அரௌகேரியாவைப் புனைபெயராகக் கொண்டார். பைனான்சியல் டைம்சில் அவர் பயன்படுத்திய சினிஃபைல் என்னும் பெயர், அம்மரத்தின் மறுபெயரான சிலி பைன் என்பதன் எழுத்துமாற்றம் ஆகும். தமக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ளதை 2013 சனவரியில் கார்டியனில் வெளியான தமது புதிரின் விடைகள் வாயிலாகவே அவர் வாசகர்களுக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.