சித்தாள் வேலையும் சிவில் படிப்பும்

மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் மக்கள் கல் சுமக்கிறார்கள், கலவை போடுகிறார்கள். வரைபடம் மட்டும் இன்னொருவர் கையில்.

1953இல் ராஜாஜி அரசு, கிராமப் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் அனுப்பச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார்.

“கட்டடப் படிப்பும் குலக்கல்விதானே?” என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் குலத்தொழிலுக்குச் சான்றிதழ் இல்லை, மேலே போக வழியும் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐயில் 2 ஆண்டு சிவில் டிராப்ட்ஸ்மேன் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2ஆம் ஆண்டு சேரலாம்; டிப்ளமோ முடித்தால் பி.இ. 2ஆம் ஆண்டு.

சேர்க்கும்முன் கேளுங்கள்: இந்தப் படிப்பு நம் பிள்ளையைச் சாரத்திலேயே நிறுத்துமா, வரைபடத்தைக் கையில் கொடுக்குமா?