களத்தில் நின்றுபோன டாங்கிகள்

போர் வரலாற்றைப் படிக்கும்போது நாம் தளபதிகளின் பெயர்களையே பெரிதும் மனத்தில் கொள்கிறோம். யார் முன்னேறினார், யார் பின்வாங்கினார் என்பவற்றை நினைவில் வைத்தால் தேர்வுக்குப் போதும் என்று எண்ணுகிறோம். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். பிறகு லிபியப் பாலைவனத்தில் 1941ஆம் ஆண்டு நடந்த போரைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பகற்போர் ஓய்ந்தபின், களத்தில் நின்றுபோன டாங்கிகள் என்னவாயின?

அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டனின் எட்டாவது ராணுவம் எகிப்திய எல்லையைக் கடந்து லிபியாவினுள் புகுந்தது. ஏப்ரல் முதல் முற்றுகையில் இருந்த டோப்ருக் துறைமுகத்தை விடுவிப்பது அதன் நோக்கம். 700க்கு மேற்பட்ட டாங்கிகள் அப்படையிடம் இருந்தன. நம் நாட்டின் நான்காவது இந்திய டிவிஷனும் அதில் இடம் பெற்றிருந்தது. டோப்ருக்குக்குத் தென்கிழக்கே ஸிடி ரெஸெக் என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. 23ஆம் நாள் மாலைக்குள் பிரிட்டிஷ் டாங்கிகளுள் பெரும்பாலானவை செயலிழந்துவிட்டன.

ஆனால், செயலிழந்தவை எல்லாம் அழிந்தவை அல்ல. தீப்பற்றி எரிந்தவை போக, சங்கிலிப் பட்டை அறுந்து நின்றவை இருந்தன. எதிரியின் குண்டே படாமல், நீர் பம்பு பழுதுற்று நின்றவையும் உண்டு. இவற்றை இழுத்துச் சென்று செப்பனிட்டால் மீண்டும் களம் புகும்.

அந்த வேலை எளிதன்று. மீட்புக் குழுவினர் பெரும்பாலும் இருளிலேயே சென்றனர். விளக்கேற்றினால் எதிரி சுடுவான். வழியில் கண்ணிவெடி இருக்கலாம். டாங்கிக்குள் இறந்து கிடந்த வீரர்களை வெளியே எடுக்கும் துயரக் கடமையும் சில வேளைகளில் அவர்களுடையதாயிற்று. பட்டை அறுந்த டாங்கியின் சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும். 'குரூஸேடர்' என்ற டாங்கியின் எடை ஏறத்தாழ 19 டன். அதை நேராக இழுக்க இயலாதபோது, டாங்கியில் ஒரு கப்பியைப் பூட்டி, உருக்கு வடத்தை அதன் வழியே செலுத்தி, வடத்தின் நுனியை மீட்பு வண்டியிலேயே கட்டுவார்கள். வேகம் பாதியாகும், இழுக்கும் விசை ஏறக்குறைய இரட்டிக்கும். பள்ளியில் நீங்கள் படிக்கும் கப்பியின் விதிதான் இது.

இவையனைத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரவில் களம் எவர் கையில் இருக்கிறதோ, அவரே நின்றுபோன டாங்கிகளை மீட்க முடியும். மற்றவருக்கு அவை முற்றும் இழப்பே. ஜெர்மானியர் இதை நன்கு உணர்ந்து, மீட்புக் குழுக்களைப் போர்முனைக்கு அருகிலேயே வைத்திருந்தனர். ஆயினும் 24ஆம் நாள் அவர்கள் தளபதி ரோமல், எதிரி நிலைகுலைந்துவிட்டான் என்று கருதி, தம் டாங்கிப் படையுடன் எகிப்திய எல்லையை நோக்கி விரைந்தார். ஸிடி ரெஸெக் பகுதியில் பிரிட்டிஷாருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. நின்றுபோன டாங்கிகளை மீட்டார்கள், செப்பனிட்டார்கள், பின்னணியிலிருந்து புதியவற்றையும் வரவழைத்தார்கள். 27ஆம் நாள் ஜெர்மன் டாங்கிகள் திரும்பியபோது, நூற்றுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் டாங்கிகள் எதிர்த்து நின்றன. டிசம்பரில் டோப்ருக் முற்றுகை நீங்கியது, ரோமல் பின்வாங்கினார்.

மீட்புப் பணி ஒன்றே இவ்வெற்றிக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. நியூஸிலாந்து வீரர்களின் உறுதிக்கும், ஜெர்மானியருக்கு நேர்ந்த எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. எனினும் பழுது பார்ப்போரின் அருமையைப் போர்க்காலம் உணர்த்தியது. 1942 அக்டோபர் 1ஆம் நாள் பிரிட்டன் இப்பணிக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைத்தது. 1943இல் இந்திய ராணுவத்திலும் அத்தகைய பிரிவு தோன்றியது.

மாணவ நண்பர்களே! ஸிடி ரெஸெக் இருளில் வடம் பூட்டிய கைகள் யாருடையவை என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இனி ஒரு போரின் வெற்றி தோல்வியைப் படிக்கும்போது, அன்றிரவு களத்தில் எஞ்சியிருந்தவர் யார் என்றும் கேட்டுப் பாருங்கள். வரலாறு உங்களுக்கு இன்னும் தெளிவாக விளங்கும்.