தேசிங்கின் தலைப்பாகையும் சீக்கியரின் முடியும்

செஞ்சிக் கோட்டைக்குச் சென்று, இராசகிரியின் படிகளில் ஏறி இறங்கிக் களைத்து, கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்திருக்கும் இளைஞர்களிடையே ஒரு கேள்வி எழுவதுண்டு. தேசிங்கு என்பது தேஜ்சிங் அல்லவா? சிங் என்றால் சீக்கியன்தானே? பாஞ்சாலத்துச் சீக்கியன் பாலாற்றைத் தாண்டி எப்படி வந்தான்?

நல்ல கேள்வி. விடை, ஆம் அல்லது இல்லை என்பதோடு முடிந்துவிடுவதில்லை. தேசிங்கு சீக்கியன் அல்லன். புந்தேல்கண்டு நாட்டு ராஜபுத்திரன். 1698இல் அவுரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகர்கான் நெடிய முற்றுகைக்குப் பின் செஞ்சியைப் பிடித்தான். பின்னர் கோட்டைக் காவல் சொரூப்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் 1714இல் மாண்டபோது, வடக்கேயிருந்து வந்து தந்தையின் இடத்தில் அமர்ந்த மகனே தேஜ்சிங். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான், டில்லியின் புதிய பட்டயம் எங்கே, செலுத்த வேண்டிய பாக்கி எங்கே என்று கேட்டான். அதே ஆண்டு அக்டோபரில் போர். இளைஞன் மடிந்தான். அவனோடு அவன் நண்பன் மகமத்கானும் மடிந்தான். இந்துவும் முசுலீமும் ஒரே களத்தில் ஒருவருக்காக ஒருவர் உயிர்விட்ட அந்த நட்பைத் தமிழ்நாட்டுக் கதைப்பாட்டு மறக்கவில்லை. நாமும் மறக்கத் தேவையில்லை. 1960இல் அந்தக் கதை வெள்ளித்திரையிலும் ஓடியது. ஆனால் அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று சொல்லும் இடத்தில் மட்டும், பாட்டைக் கேட்டுத் தலையாட்ட நம்மால் இயலாது. இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அந்தத் தீயின் நினைவே என்பர். வீரம் அவனுக்கு, விறகு அவளுக்கு!

இந்தத் தேசிங்கின் பெயரில் இருந்த 'சிங்'குக்கும், அவன் தலையில் இருந்த பாகைக்கும் பொருள் என்ன? பிறப்பு. இன்னார் மகன், இன்ன குலத்தான், வாள் பிடிக்க உரிமையுடையவன் என்பதற்கு அடையாளம். அந்த உரிமை எவ்வளவு பெரிது என்பதற்கு அவுரங்கசீப்பின் ஆணை ஒன்றே சான்று. 1695இல் அவன் போட்ட அந்த ஆணைப்படி, இந்துக்கள் ஆயுதம் தாங்கக் கூடாது. யானையிலோ, பல்லக்கிலோ, உயர்சாதிக் குதிரையிலோ ஏறக் கூடாது. ஆனால், ராஜபுத்திரர் நீங்கலாக! அரசனின் மதம் வேறாக இருக்கலாம். அவன் கண்ணுக்கும் இந்துக்களின் சாதி ஏணி நன்றாகவே தெரிந்திருந்தது. மேற்படியில் நின்றவனுக்குச் சலுகை கொடுத்து, கீழ்ப்படியில் நின்றவன் கையிலிருந்ததைப் பிடுங்கினான்.

செஞ்சி வீழ்ந்த மறு ஆண்டு, 1699இல், பாஞ்சாலத்தின் அனந்தபூரில் வேறொரு செயல் நடந்தது. வைசாகித் திருநாளன்று கூடிய கூட்டத்தின் நடுவே பத்தாம் குரு கோவிந்தர் வாளை உருவி நின்று, "தலை கொடுப்பவர் யார்?" என்று கேட்டார் என்பது சீக்கியர் மரபு. ஐவர் எழுந்தனர். அந்த ஐவர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட் உழவர், ஒருவர் பூரி சகந்நாதத்துத் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துவாரகையில் துணிக்கு அச்சிடும் தொழிலாளி, ஐந்தாமவர் பீதார் நகரத்து நாவிதர். ஐவரும் ஒரே கிண்ணத்தில் நீர் பருகினர். ஐவருக்கும் ஒரே பெயர்: சிங். பிறகு குருவே அவர்கள் முன் நின்று, எனக்கும் கொடுங்கள் என்று கேட்டுப் பெற்றாராம். குரு சீடரானார்! நம் நாட்டு மடாதிபதிகளுக்கு இந்தக் காட்சியைக் கனவில் காட்டினாலும் திடுக்கிட்டு எழுவார்கள்.

அதுவரை பெரும்பாலும் ராஜபுத்திரன் சுமந்த 'சிங்கம்' என்ற பட்டம், தண்ணீர் சுமந்தவனுக்கும் வந்தது. சாதிப் பெயர் அந்தப் பட்டத்தின் அடியில் மறைய வேண்டும் என்பது நோக்கம். கூடவே வந்தன ஐந்து அடையாளங்கள்: கத்தரிக்காத முடி, மரச் சீப்பு, இரும்பு வளையம், குறுங்காற்சட்டை, வாள். தலைப்பாகை இந்த ஐந்தில் ஒன்றன்று. வளர்த்த முடியைப் பேணிக் கட்டும் துணி அது. வளர்த்த முடிக்குச் சீப்பையும் சேர்த்து வைத்ததைக் கவனிக்க வேண்டும். சடை வளர்த்துச் சாம்பல் பூசிக் காட்டுக்கு ஓடும் சாமியார் வேறு. முடியைச் சீவி முடித்து ஊருக்குள் உழைத்து வாழ்கிறவன் வேறு.

ஏன் இப்படி வெளிப்படையான தோற்றம்? 1675இல் ஒன்பதாம் குரு தேக்பகதூர் டில்லியில் தலை வெட்டப்பட்டபோது, சீடர் பலர் கூட்டத்தில் கலந்து மறைந்தனர் என்றும், துப்புரவுத் தொழில் செய்த குலத்தில் பிறந்த ஜைதா என்பவரே அந்தத் தலையை எடுத்துச் சென்று மகனிடம் சேர்த்தார் என்றும் மரபு கூறுகிறது. இனிக் கூட்டத்தில் கலந்து மறைய முடியாத கோலம் வேண்டும் என்று மகன் முடிவு செய்தார் என்பர்.

அந்தக் கோலத்துக்கு விலை கேட்கப்பட்டது. தேசிங்கிடம் புதுப் பட்டயம் கேட்கப்பட்டபோது டில்லியில் அமர்ந்திருந்தவன் பாரூக்சியர். அதே பாரூக்சியரின் ஆட்சியில், 1716இல், பந்தாசிங்கும் அவரைச் சேர்ந்த எழுநூற்றுக்கு மேற்பட்டவரும் டில்லித் தெருக்களில் இழுத்து வரப்பட்டு, நாள்தோறும் நூறு பேராக வெட்டப்பட்டனர். அப்போது அங்கிருந்த ஆங்கிலக் கம்பெனித் தூதர்கள் இதைக் கடிதமாக எழுதி அனுப்பினர். உயிர்பிழைக்கத் தம் நெறியைக் கைவிட்டவர் ஒருவரும் இல்லை என்று அந்த வணிகர்களே வியந்தனர். 1745இல் லாகூரில் தாருசிங் என்ற உழவர் முடியை வெட்ட மறுத்தார். முடியோடு மண்டைத் தோலையும் பெயர்த்தனர் என்று சீக்கியர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இங்கே நம் தோழர் ஒருவர் குறுக்கிடக் கூடும். "குடுமியைக் கத்தரி என்று ஊர் ஊராகச் சொன்ன இயக்கம் நம்முடையது. கத்தரிக்காத முடிக்கு நாம் ஏன் புகழ் பாட வேண்டும்?"

முடியில் தெய்வம் குடியிருப்பதாக நம்புகிறவர்கள் அல்லர் நாம். ஆனால் நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுக் கட்டளைகள் விதித்தனர். நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக் கொள்ளக் கூடாது! மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. லாகூரில் முடியை வெட்டு என்றான் அதிகாரம் படைத்தவன். இராமநாதபுரத்தில் வெட்டாதே என்றான். அங்கே வளர்த்தவன் கலகக்காரன். இங்கே கிராப்பு வைத்தவன் கலகக்காரன். கத்தி யார் கையில் இருக்கிறது என்பதே இரண்டு ஊரிலும் கேள்வி. முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற பாட்டன்மாரின் பேரர்கள் நாம். தலையில் கட்டும் துணி வெறும் துணியன்று என்பதை நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆயினும் மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. பாகைக்குள் சாதி ஒளிந்துகொண்டது. ஜைதாவின் குலத்தார் மசபிச் சீக்கியர் என்று தனியே நின்றனர். தனிக் குருத்துவாரா, தனிச் சுடுகாடு என்ற இழிவு பாஞ்சாலத்துச் சிற்றூர்களில் தொடர்ந்தது. 1950இல் வெளிவந்த தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சீக்கியருள் நான்கு பிரிவினருக்கும், 1956இல் பிறருக்கும் இடம் தரவேண்டியிருந்தது என்பதே போதிய சான்று. முடி ஒன்றாயிற்று, ஊர் ஒன்றாகவில்லை.

ஆனால் அங்கேயே எதிர்ப்பும் பிறந்தது. 1920 அக்டோபரில், தாழ்த்தப்பட்ட குலத்துச் சீக்கியர் அமிர்தசரசுப் பொற்கோயிலுக்குக் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் தயங்கினர். சீர்திருத்தச் சீக்கியர் உள்ளே புகுந்தனர். பூசாரிகள் வெளியே ஓடினர். மகந்துகளின் பிடியிலிருந்து குருத்துவாராக்களை மீட்ட அகாலிப் போராட்டம் அங்கே சூடுபிடித்தது. நன்கானாவில் 1921இல் குருதி சிந்தி, 1925இல் சட்டமாக வென்றது. அந்த அகாலிகளே 1924இல் வைக்கத்துக்கு வந்து, தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராடியவர்களுக்குச் சாதி பாராமல் சோறிட்டனர். பெரியார் இருமுறை சிறை சென்ற அதே வைக்கம்! வெளியார் உதவி வேண்டாமென்று காந்தியார் கூறவே அடுப்பு அணைந்தது. அந்த அடுப்பை அணைத்திருக்க வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். 1936இல் அம்பேத்கர் சீக்கியத்தின்பால் நாட்டம் காட்டி அமிர்தசரசு மாநாட்டுக்குச் சென்றார். இருபது ஆண்டு கழித்து அவர் தழுவியது பவுத்தம்.

இங்கிலாந்தின் வுல்வர்காம்டன் நகரில், பாகையும் தாடியுமாகப் பேருந்து ஓட்டும் உரிமையைச் சீக்கியர் 1969இல் போராடிப் பெற்றனர். 1984 நவம்பரில் டில்லியிலோ, அந்தப் பாகையையும் தாடியையும் அடையாளம் கண்டே கொலைகாரர் கொளுத்தினர். அரசின் கணக்குப்படியே டில்லியில் 2,733 பேர் மாண்டனர். உயிருக்காகத் தம் கையாலேயே முடியை வெட்டிக்கொண்டவர் பலர். அந்த வெட்டைப் பகுத்தறிவு என்று எவனாவது சொன்னால், அவன் நம்மவன் அல்லன்.

2025இல் யுனெசுகோ, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இனிக் கூட்டம் பெருகும். வழிகாட்டிகள் தேசிங்கின் பாகையைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் மூச்சு விடாமல் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தோழர்களே. கூடவே, சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு அனந்தபூரில் எழுந்து நின்ற அந்த ஐந்தாமவரின் கதையையும் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். சாகிப் என்பது அவர் பெயர். சாகிப்சிங் ஆகி, சம்கௌர்ப் போரில் மடிந்தார். அவருடைய பீதார், தேசிங்கின் புந்தேல்கண்டைவிட நம் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.