ஆவாரம்பூவும் என் அண்ணனும்

போகியன்று நிலைப்படியில் காப்புக் கட்டிய படத்தைப் போட்டிருந்தேன். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. அதைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். “ஐயா, கடையில ஆவாரம்பூ டீ விக்குது. சர்க்கரை மாத்திரையை விட்டுட்டு அதைக் குடிக்கலாமா?” போனில் சொன்னது போதவில்லை. வரலாற்று வாத்தியார், கொஞ்சம் பழையதிலிருந்துதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையேறித் தெருவுக்கு வரும்போது சூடிக்கொள்ளும் பூவும் அதுவே. மருந்தாகப் பேர் வாங்குவதற்கு முன்பே மானத்தை விட்டவனின் பூவாக இருந்திருக்கிறது!

ஊரில் அதைவிட அதிகம் விலைபோனது பட்டைதான். தோல் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியாகப் போகும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்த பிறகு அந்தக் கிராக்கி இறங்கியது. தோலை இறுக்கிய அதே துவர்ப்புதான் கஷாயத்தில் நம் நாக்கைப் பிடிக்கிறது.

ஆடு மேய்ப்பவர்கள் வெயிலுக்கு அதன் தழையைத் தலையில் வைத்துக் கட்டுவார்கள். என் அம்மா பூவை நிழலில் உலர்த்தி, சுக்கு தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வைப்பார். இலங்கையில் சிங்களவர்கள் இதை ‘ரணவரா’ என்று சொல்லி, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். சூட்டுக்கும் தாகத்துக்குமான குடிநீர்.

சர்க்கரைக்கு என்று சித்த மருத்துவம் தரும் ஆவாரைக் குடிநீர் வேறு. அதில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை எல்லாம் சேரும். வெறும் பூவைக் கொதிக்க வைத்தால் அது ஆகாது. பூவின் சாறு எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலிகளுக்கு.

இனி வீட்டுக் கதை. உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று சொல்லிக்கொண்டு என் அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். ஏழெட்டு மாதம். காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை மாதமும் ஏரிக்கரையில் பூப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அந்தப் பழமொழியை வகுப்பில் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தம்பி, பூ டீ குடி, ருசியாகவே இருக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடி. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடவும் கூடும். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

அண்ணன் இப்போதும் காலையில் ஆவாரம்பூ டம்ளரோடுதான் திண்ணையில் உட்காருகிறார். நான் போனால், மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் முதல் மடக்குக் குடிப்பார்.